பட்டப் பெயர்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்த பிறகு, வயிறு தன் இடத்துக்குத் திரும்புவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்தை நான் பைல் நாட்டில் ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து கழித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரு நாவலுக்காக மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். நாவல் இன்னும் எழுதி முடிந்தபாடில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் மனத்தை விட்டுப் போவேனா என்கிறது.

பைல் நாடு என்றதும் அது ஏதோ தனி ராஜ்யம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. பதினான்கின் பெயரும் ‘நாடு’ என்றுதான் முடியும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று போகிற வரிசையில் பைல் நாடும் ஒன்று. நாம் உலகப் படத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பார்க்கிற தேசங்களுக்கும், பலாவும் மிளகும் காப்பியும் விளைகிற இந்த மலைச் சரிவுக்கும் ஒரே சொல்! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் சிரிக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். சோழர் கல்வெட்டுகளில் வருகிற நாடுகளில் மிகப் பல, இப்படிச் சில ஊர்கள் கூடிய வட்டாரங்களே. அந்தச் சொல்லை எடுத்து இழுத்துப் பெரிதாக்கி, அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் போர்த்தியவர்கள் நாம்.

டீக்கடையில் ஒரு பையன் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பவனாக இருக்கும். எதிரே அவன் தாத்தா, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்துப் பெரிய மனிதர்களெல்லாம் அன்று எங்கோ ஓரிடத்தில் கூடியிருந்தார்கள் போலிருக்கிறது. பையன் ஒவ்வொருவராக வாசித்தான். அமெரிக்க அதிபர் இப்படிச் சொன்னார். இலங்கை ஜனாதிபதி அப்படிச் சொன்னார். நமது குடியரசுத் தலைவர் வாழ்த்து அனுப்பினார். ஜெர்மன் சான்சலர் வரவில்லை.

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“இருடா. அதிபருன்னா யாரு?”

“அமெரிக்காவுக்குப் பெரியவரு தாத்தா.”

“ஜனாதிபதின்னா?”

“இலங்கைக்குப் பெரியவரு.”

“குடியரசுத் தலைவரு?”

“நமக்குப் பெரியவரு.”

“மூணு பேரும் பெரியவருன்னா, எதுக்குடா மூணு பேரு வெச்சிருக்கு?”

பையன் என்னைப் பார்த்தான். சட்டைப் பையில் பேனா இருப்பவனுக்கு இந்த மாதிரி ஆபத்துகள் வரத்தான் செய்யும். “மூன்றும் இங்கிலீஷிலே ஒரே வார்த்தைதான் அய்யா. பிரசிடெண்ட்” என்றேன்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. “பிரசிடெண்டா! அதைச் சொல்றதுதானே? பிரசிடெண்டு நமக்குத் தெரியாதா? தெரு விளக்கு போடுறவரு.”

“அந்தப் பிரசிடெண்ட் இல்லை அய்யா” என்று ஆரம்பித்தேன். அமெரிக்காவில் பிரசிடெண்ட் தாமே ஆளுகிறார். நம் டில்லியிலோ பிரசிடெண்ட் பெயரில் ஆட்சி நடக்கிறது, நடத்துகிறவர் பிரதமர் என்று விளக்கினேன்.

“அப்போ நம்ம பட்டக்காரரு மாதிரின்னு சொல்லுங்க. முதல் மரியாதை அவருக்கு, வேலையெல்லாம் வேற ஆளுக்கு.”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அரசியல் சட்டத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் படித்ததை, அவர் ஒரு வாய் டீயோடு முடித்துவிட்டார்! ஆனால் அவரே உடனே தலையை ஆட்டினார். “இல்லே, அது சரியில்லே. பட்டக்காரரு பரம்பரை. உங்க ஆளை ஏத்தி வெக்கிறாங்க, தவணை முடிஞ்சா இறக்கி வெக்கிறாங்க. அது வேற.” சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏன் தம்பி, இந்தப் பேரெல்லாம் நீங்களா அவங்களுக்கு வெக்கிறீங்களா? இல்லே, அவங்களா வெச்சுக்கிறாங்களா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

எழுதுகிறவர்களுக்கும் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் இது தினசரித் தொல்லை. வெளிநாட்டு ஆட்சித் தலைவரின் பட்டத்தை அப்படியே எழுதுவதா, தமிழாக்குவதா? பத்திரிகை ஆசிரியராக இருக்கிற என் நண்பர் ஒருவர், “பட்டம் என்பது பெயர் மாதிரி. பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? சர்ச்சிலை ‘மாதாகோவில் குன்று’ என்றா எழுதுவாய்?” என்பார். எதிர்க்கட்சியும் உண்டு. படிக்கிறவனுக்குப் புரியாத சொல்லைப் போடுவது அவனை வாசலிலேயே நிறுத்தி வைப்பதாகும் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்தையும் கேட்டுத் தலையசைத்து வந்தவன்தான் நான். பைல் நாட்டில்தான், இது இலக்கணத் தகராறு மட்டும் அல்ல, இதில் ஒரு நியாய அநியாயமும் இருக்கிறது என்று பட்டது.

பெரியவர் தம் தங்கையின் கதையைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு ஏதோ உதவித் தொகைக்காக ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில், ‘தலைவரின் கையொப்பம்’ என்று ஓர் இடம். மலையில் ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. நாட்டுக்குப் பட்டக்காரர் உண்டு. கல்யாணமானாலும் கருமாதியானாலும் அவர்கள் சொல்தான் முதல் சொல். அந்த அம்மாள் ஊர்க்கவுண்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, அத்தனை வளைவுகளையும் இறங்கி, கீழே ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். “இது செல்லாது. ஊராட்சி மன்றத் தலைவர் போட வேண்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி மலை ஏறி, மறுபடி இறங்கி. இரண்டு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போயின.

“தலைவருன்னு போட்டிருந்தா நாங்க யாருன்னு நெனைக்கிறது? பிரசிடெண்டுன்னு போட்டிருந்தா நேரா அவருகிட்டப் போயிருக்குமே!” என்றார் பெரியவர்.

தனித்தமிழ் அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நானும் தமிழை நேசிக்கிறவன்தான். ஆனால் அந்த இடத்தில் ‘பிரசிடெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் பாமரருக்குப் புரிகிற தமிழ். ‘தலைவர்’ என்ற தமிழ்ச் சொல் அவர்களுக்கு விளங்காத பாஷை. அந்த அலுவலகத்துக் குமாஸ்தாவைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவருடைய தமிழில் தலைவர் என்றால் ஓட்டு வாங்கி வந்தவர். அந்த அம்மாளின் தமிழில் தலைவர் என்றால் பரம்பரையாகப் பெரியதனம் உள்ளவர். ஒரே சொல்லுக்குள் இரண்டு நாற்காலிகளைப் போட்டு மூடிவிட்டோம். இடறி விழுந்தவள் அவள்.

ஒரு சொல்லில் இரண்டு நாற்காலியைத் திணித்தது இப்படியென்றால், ஒரே நாற்காலிக்கு மூன்று சொல் வைத்த கதை வேறு. நம் பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் ராஜேந்திர பிரசாத்தும் ராதாகிருஷ்ணனும் ‘ஜனாதிபதி’யாகத்தான் இருக்கிறார்கள். பிறகு நாம் தமிழுக்கு மாறி, ‘குடியரசுத் தலைவர்’ ஆக்கினோம். இலங்கையில் தமிழர்கள் பழைய சொல்லை விடவில்லை. அவர்களுக்கு வெள்ளைக்காரக் கவர்னர் ‘தேசாதிபதி’. கவர்னர் ஜெனரல் ‘மகாதேசாதிபதி’. 1972இல் அங்கே குடியரசு வந்தபோது ‘ஜனாதிபதி’ அந்த வரிசையில் இயல்பாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் 1972இல் வந்த ஜனாதிபதி பெயரளவுக்கு இருந்தவர்; 1978 அரசியல் சட்டத்தின்படி வந்த ஜனாதிபதி அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருப்பவர். நாற்காலி மாறிற்று, சொல் மாறவில்லை. அங்கே எத்தனை பேர் இதைக் கவனித்துக் கவலைப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

‘அதிபர்’ இன்னும் வேடிக்கை. நம் ஊரில் ஆலை அதிபர் உண்டு, தொழிலதிபர் உண்டு. முதலாளி என்பதற்கு மரியாதையான சொல் அது. ஆகவே அமெரிக்க அதிபர் என்று படிக்கும்போதெல்லாம் அமெரிக்கா அவருக்குச் சொந்தமான மில் போல என் காதில் விழுகிறது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், “எங்கள் அதிபர் மிகவும் கண்டிப்பானவர், பிரம்பை எடுத்தால் விடமாட்டார்” என்று சொன்னபோது நான் திகைத்துப் போனேன். அங்கே அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்!

முதல் மந்திரி விஷயமும் இப்படித்தான். 1937இல் ராஜாஜி சென்னை ராஜதானியின் பொறுப்பை ஏற்றபோது அவர் ‘பிரதம மந்திரி’. ராஜதானிக்கு ஒரு பிரதமர் அன்று இருந்தார் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1950இல் குடியரசு அரசியல் சட்டம் வந்தது. டில்லிக்கு ஒருவர்தான் பிரதமர், மாகாணத்துக்கு முதல் மந்திரி என்று ஆயிற்று. காஷ்மீரத்தில் மட்டும் 1965 வரை ‘பிரதமர்’ நீடித்தார். ‘பிரதமம்’ என்றாலும் முதல். ‘முதல்’ என்றாலும் முதல். வடமொழியில் சொன்னால் டில்லி, தமிழில் சொன்னால் சென்னை! எந்தச் சட்டமும் உத்தரவு போடாமல், மொழியே ஒருவரை மேல்படியிலும் இன்னொருவரைக் கீழ்ப்படியிலும் உட்கார்த்தி வைத்துவிட்டது.

இவ்வளவு குழப்பமும் எதற்கு, அந்தந்த நாட்டான் வைத்த பெயரையே எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். சில இடங்களில் அதுதான் சரி. மலேசியாவில் தமிழ்ப் பத்திரிகைகள் ‘மந்திரி பெசார்’ என்றே எழுதுகின்றன. பெரிய மந்திரி என்று அர்த்தம். முதலமைச்சர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? குறையும். அங்கே சுல்தான் அரசராக இருக்கிற மாநிலங்களில்தான் மந்திரி பெசார். பினாங்கு, மலாக்கா போன்ற சுல்தான் இல்லாத மாநிலங்களில் முதலமைச்சர். சரவாக்கில் 2022இல் அந்தப் பெயரையும் மாற்றி ‘பிரீமியர்’ ஆக்கிக்கொண்டார்கள். ஆக, தோட்டத்தில் வேலை செய்த தமிழனுக்கும் ‘பெசார்’ என்ற இரண்டு மூன்று எழுத்திலேயே அந்த ஊரில் அரசர் உண்டு என்பது தெரிந்துவிடும். அதை மொழிபெயர்த்தால் விஷயமே காணாமல் போகும். அதிலும் அந்த ‘மந்திரி’ இந்த மண்ணிலிருந்து கப்பலேறிப் போனதுதான். மலாய்க்காரரிடமிருந்து அதைப் போர்ச்சுகீசியர் வாங்கிச் சீனத்து அதிகாரிகளுக்குச் சூட்டினார்கள். ‘மாண்டரின்’ என்று உலகம் சொல்வது நம் மந்திரியைத்தான்.

அயர்லாந்தின் கதையும் எனக்குப் பிடித்தமானது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆங்கிலேயரின் கீழ் இருந்த மக்கள். 1937இல் தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுதியபோது, ஆட்சித் தலைவரை ‘தீஷக்’ என்று அழைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். பழைய ஐரிஷ் மொழியில் குலத்துக்குத் தலைவன், முன்னே நடப்பவன் என்று பொருள். நம் பட்டக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆங்கிலத்தில் பேசும்போதுகூட அவர்கள் பிரைம் மினிஸ்டர் என்று சொல்லுவது அபூர்வம். அடகு போன நகையை மீட்டுப் போட்டுக்கொண்டவர்களிடம் போய், அது பித்தளையில் என்ன விலை என்று கேட்பது மரியாதை ஆகாது. அந்தப் பட்டத்தை அப்படியே எழுதி, முதல் தடவை மட்டும் பொருளைச் சொல்லிவிட வேண்டியது.

ஆனால் எல்லாப் பட்டமும் இப்படி மக்கள் மீட்ட நகையாக இருப்பதில்லை. “அவங்களா வெச்சுக்கிறாங்களா?” என்று பெரியவர் கேட்டது இங்கேதான் குத்துகிறது.

வெளிநாட்டு ஆட்சியாளர் பட்டத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்று நம் தேசத்தில் ஒரு சர்க்காரே மண்டையை உடைத்துக்கொண்டது உண்டு. 1876இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்து, விக்டோரியா ராணிக்கு இந்தியாவின் சக்கரவர்த்தினி என்ற பட்டத்துக்கு வழி செய்தது. இங்கிலீஷில் சரி. இந்தியர்களுக்கு எப்படிச் சொல்வது? பாதுஷா என்றால் மொகலாயர் ஞாபகம் வரும். மகாராணி என்றால் சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் ஒருத்தி இருக்கிறாள். லைட்னர் என்ற மொழி அறிஞர் ‘கைசர்-இ-ஹிந்த்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ரோமாபுரி சீசர்தான் இந்தக் கைசர். ஜெர்மானியரின் கெய்சரும் ருஷியரின் ஜாரும் அதே சீசரின் வாரிசுகள். கேட்பவனுக்கு யாருடைய ஞாபகமும் வரக்கூடாது, ஆனால் பிரமிப்பு மட்டும் வர வேண்டும். அந்த வேலைக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. 1877 ஜனவரி முதல் தேதி டில்லி தர்பாரில் அந்தப் பட்டம் முழங்கிற்று. அதே நாளில் சென்னை ராஜதானியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது நம் பாட்டிமார்களின் பாட்டிமார்களுக்குத் தெரியும். அது தாது வருஷம். சேலம் ஜில்லா உள்பட, கொத்துக் கொத்தாக ஜனங்கள் பசியால் செத்தார்கள். சாகிறவர்கள் யாரும் அந்தச் சீமாட்டிக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை.

இன்னொரு சொல் சான்சலர். பையன் தடுக்காமல் படித்தானே, அது. லத்தீனில் அது நியாய ஸ்தலத்தில் கிராதித் தடுப்பின் அருகே நின்ற சிப்பந்தியின் பெயர். வாசல்காரன் என்றே சொல்லிவிடலாம். அவன் மெல்ல மெல்ல எழுத்தனாகி, முத்திரை வைத்திருப்பவனாகி, ஜெர்மனியில் ஆட்சித் தலைவனாகவே ஆகிவிட்டான். பிரிட்டனில் அதே பெயரில் இருப்பவர் நிதி மந்திரி. அந்த வாசல்காரன் நம் சர்வகலாசாலைக்கு வந்தபோது அவனுக்குத் தமிழில் என்ன பட்டம் கொடுத்தோம் தெரியுமா? வேந்தர்! பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் ஒரு பக்கம், வேந்தர் ஒரு பக்கம். சேர சோழ பாண்டியர் மூவருக்கு மட்டுமே உரியது என்று பழந்தமிழர் காத்து வைத்திருந்த சொல் அது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிகூட வேந்தன் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், வில்லாளி. ஆனாலும் குறுநில மன்னன்தான். காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது.

ஓரி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடியது ஒன்று உண்டு, 152ஆம் பாட்டு. காட்டில் பாணர் கூட்டம் ஒரு வேடனைப் பார்க்கிறது. ஒரே அம்பில் அவன் வரிசையாகப் பல விலங்குகளை வீழ்த்திவிடுகிறான். இவன் சாதாரண வேடனாக இருக்க முடியாது, ஓரிதானோ என்று அவர்களுக்குச் சந்தேகம். யாழை மீட்டிப் பாடி, ‘கோ’ என்று அரசனின் பெயரைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் அந்த மனிதன் நாணிப்போகிறான். தன் பட்டத்தைத் தன் முகத்துக்கு நேரே பிறர் சொல்லக் கேட்டு ஓர் அரசன் வெட்கப்பட்டான்! உலக சரித்திரத்தில் இப்படி எத்தனை பேர் தேறுவார்கள்? தங்கமும் மணியும் கொடுத்து அனுப்பினான் என்று பாட்டு முடிகிறது. எனக்கு அந்தத் தங்கத்தைவிட அந்த வெட்கம்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

வெட்கத்திலும் போலி உண்டு. நான் ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

முன்பு ஒரு பத்திரிகைக்காக ஹிட்லரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். 1934 ஆகஸ்டு 2ஆம் தேதி ஹிண்டன்பர்க் இறந்தார். ஜெர்மனியின் ஜனாதிபதி அவர். அந்த நாற்காலியையும் தன் சான்சலர் நாற்காலியையும் ஹிட்லர் ஒன்றாக்கிக்கொண்டான். ஆனால் ஜனாதிபதி என்ற பட்டம் மட்டும் தனக்கு வேண்டாம் என்றான்; மறைந்த மகானோடு அது ஒன்றிப்போய்விட்டதாம், தன்னை முன்போலவே அழைத்தால் போதுமாம். என்ன பணிவு! ‘முன்போல’ என்றால் ஃப்யூரர். படை வீரர்கள் எல்லோரையும் அந்தப் பெயரால் அவனுக்கே விசுவாசப் பிரமாணம் எடுக்க வைத்தார்கள். அந்த மாதமே ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். மிகப் பெரும்பாலோர் சரி என்றார்கள். ஏற்றி வைத்தாகிவிட்டது. இறக்கி வைப்பதற்கு அந்த நாட்டில் ஒரு வழியும் மீதி இருக்கவில்லை.

ஃப்யூரர் என்றால் என்ன? தலைவர். அவ்வளவுதான். முசோலினியின் டூச்சேயும் தலைவர்தான். என் கைப்பிரதியில் முதலில் அப்படித்தான் எழுதினேன்: “இனி என்னைத் தலைவர் என்றே அழையுங்கள் என்றான் ஹிட்லர்.” எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வாசல் வழியே தெரிந்த சுவரில் இரண்டு மூன்று சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் அந்தச் சொல். வேறு வேறு கட்சி, வேறு வேறு முகம், அதே சொல். நம் தமிழ்நாட்டில் தலைவர் என்பது எவ்வளவு அருமையான சொல்! சினிமாவுக்கும் அதுதான், கட்சிக்கும் அதுதான், சங்கத்துக்கும் அதுதான். அந்தச் சொல்லைப் போய் அந்தப் பாவியின் பக்கத்தில் வைப்பதா? வாசகர்கள் யாரையாவது நினைத்துக்கொண்டால்? யாராவது கோபித்துக்கொண்டால்? அடித்துவிட்டு ‘ஃப்யூரர்’ என்று எழுதினேன். கட்டுரை அழகாக அச்சாகி வந்தது. யாரும் யாரையும் நினைத்துக்கொள்ளவில்லை. படித்தவர்கள் எல்லோரும், அது ஜெர்மனியில் நடந்த ஜெர்மன் சமாசாரம் என்று நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். நானும்தான்.

சொல்லின்மேல் குற்றம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘நேதாஜி’ என்றாலும் தலைவர் என்றுதான் அர்த்தம். அந்தப் பெயரை அன்பினால் கொடுத்தார்கள். மலாயா தோட்டத்துத் தமிழர்கள் அதைச் சொல்லிக்கொண்டு உயிரைக் கொடுக்கப் போனார்கள். ஆனால் ஒரு சொல்லை யாராவது ஒருவன் இப்படியும் பயன்படுத்தியிருக்கிறான் என்பதை அந்தச் சொல்லைத் தினம் வாயில் வைத்திருப்பவன் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஜெர்மானியர்களும் அன்று தங்கள் வீட்டுச் சொல்லைத்தான் சொன்னார்கள். அந்நிய மொழிச் சொல்லைச் சொல்வதாக அவர்கள் காதில் விழவில்லை. நம் காதில் மட்டும் அந்நியமாக விழும்படி நான் செய்துவிட்டேன். பட்டத்தை மொழிபெயர்க்காமல் விடுவது மரியாதை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அது கோழைத்தனமாகவும் இருக்க முடியும் என்று தோன்றியது பைல் நாட்டு பெஞ்சியில்தான்.

சீனாவில் இதற்கு நேர் தலைகீழ். அங்கே தேசத் தலைவரின் பட்டம் ‘சூஷி’. முதன்மை இருக்கை என்ற மாதிரிப் பொருள். மாவோவுக்கும் அதே சொல்தான், இன்றைக்கும் அதே சொல்தான். ஆனால் ஆங்கிலத்தில் மாவோ ‘சேர்மன்’. 1982 அரசியல் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் ‘பிரசிடெண்ட்’. சீனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நாமும் ஆங்கிலத்தைப் பார்த்து ‘சீன அதிபர்’ என்று எழுதிவிடுகிறோம். அமெரிக்க அதிபரும் சீன அதிபரும் கைகுலுக்கினார்கள் என்று படிக்கிறவன், இரண்டு பேரும் ஒரே விதமாக ஏறி ஒரே விதமாக இறங்குகிறவர்கள் என்று நினைத்தால் அவன் மேல் என்ன தப்பு? நம் மலையில் ஊர்க்கவுண்டரையும் பிரசிடெண்டையும் ஒரே ‘தலைவர்’ ஆக்கிய அந்த மனுவுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சில சமயம் பத்திரிகையைக் கையில் எடுக்கும்போது அந்த அம்மாளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் அன்றைக்கே என் மூளையில் உதித்ததாக நினைக்க வேண்டாம். அன்று பெரியவருக்கு நான் சொன்ன பதில், “சில பேருக்கு அவங்க ஜனங்க வெக்கிறாங்க அய்யா, சில பேரு தானா வெச்சுக்கிறாங்க. நாங்க பத்திரிகைக்காரங்க கிடைச்சதை எழுதறோம்” என்பதுதான்.

“அப்போ எவன் எப்படின்னு பக்கத்திலே எழுதிட வேண்டியதுதானே?” என்றார்.

“அதுக்கெல்லாம் பேப்பர்லே இடம் பத்தாதுங்க தாத்தா” என்றான் பையன். பெரியவர் அவனை முறைத்தார். நான் டீக்குக் காசு கொடுக்கப் போனேன். கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார், பெரியவர் கணக்கில் எழுதிக்கொண்டாராம். பஸ் வந்தது.

அந்தக் கட்டுரை பின்னால் ஒரு புத்தகத்தில் சேர்ந்தபோது, ‘ஃப்யூரர்’ என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, பழையபடி ‘தலைவர்’ என்று எழுதி அனுப்பினேன். அச்சகத்திலிருந்து வந்த புரூஃபில் பிழை திருத்துகிற அன்பர் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். அது அப்படியே இருக்கட்டும் என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பினேன்.